கண்டமங்கலத்துல ஊசி பொய் சொல்லல

தம்பி,

போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்து சட்டையக்கூடக் கழட்டல, உன் போன் வந்துச்சு. மஸ்கட்ல நீ வேல பாக்குற ஓட்டல்ல மேல்மாடியில புதுசா ஒரு பார்பிக்யூ கிச்சன் போடறாங்க, அந்த அடுப்புக்கு உன்னையே பொறுப்பா போடறேன்னு சொல்றாங்கன்னு சொன்ன. உங்கம்மா அங்கியே கண்ணத் தொடச்சிக்கினா. அதுக்கு அப்புறம்தான் நீ இழுத்து இழுத்து மிச்சத்த சொன்ன. "கறிக்குள்ள குத்தி வைக்கிற தெர்மாமீட்டரு எது வாங்கலாம்னு என்னத்தான் எழுதிக் குடுக்கச் சொல்றாங்கப்பா. வயர்லெஸ்ஸு, நாலு ஊசிக்குக் கொறையாம வேணுமாம். நான் வாங்கினது இன்னா பண்ணுச்சுன்னு உனக்குத்தான் தெரியுமே. வேற ஆளப் போட்டுக்கங்கன்னு சொல்லிடலாம்னு பாக்கறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்." நான் "உன் இஷ்டம்"னு சொல்லிட்டு போன உங்கம்மா கையில குடுத்துட்டு தோட்டத்துப் பக்கம் போயிட்டேன். சிக்னல் இல்லன்னு நெனச்சிருப்ப. சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடுதாசி. ஆனா மொதல்ல விஷயத்த சொல்லிடறேன். இல்லன்னா அங்க சுத்தி இங்க சுத்தி, சொல்லாமலே முடிச்சிடுவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும். கண்டமங்கலத்துல அந்தக் காதுகுத்து விருந்துல நம்ம கோழியத் தின்னு பதினோரு பேருக்கு வாந்தி பேதி ஆச்சே, காது குத்தின அந்தப் பாப்பாவே பாண்டி ஆஸ்பத்திரியில ஆறு நாள் கெடந்துச்சே, அது உன் மிஷினால ஆகல. நீ மலிவுல வாங்கினதால ஆகல. அது நான் பண்ணது. மூணு வருஷமா நீ சொமந்துக்கினு இருக்கறது என்னோட மூட்டை. இத ரெண்டு படி எழுதறேன். ஒண்ண போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பறேன், இன்னொண்ண நம்ம பங்குக் கோயில் மாசப் பத்திரிகைக்குக் குடுக்கறேன். ஏன்னா கோயில் வாசல்ல நின்னுக்கினுதான் "பையன் வாங்கின மிஷினு கவுத்துடுச்சு"ன்னு கேட்டவங்க அத்தன பேருகிட்டயும் சொன்னேன். ஊரு கேக்க சொன்னத ஊரு கேக்கத்தான் திருப்பி எடுக்கணும். பேரு போட வேணாம்னு பங்குச் சாமியார் சொல்றாரு. பேரு போடலன்னா மட்டும் திண்டிவனத்துல ஆளு யாருன்னு தெரியாமயா போவப்போவுது.

நீ பொறந்த வருஷம், 1993ல, பொம்மையார்பாளையத்துல கடலோரமா இருந்த ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல எனக்கு அடுப்பு வேல கெடச்சுது. நடத்தினது ஒரு வெள்ளக்காரம்மா. ஆட்டுத் தொடைய வெட்டாம முழுசா மசாலா தடவி, மூடி போட்ட அடுப்புல ரெண்டு மூணு மணி நேரம் தணல்ல வேக வைப்பாங்க. அவங்ககிட்ட கடிகாரமாட்டம் முகம் வச்ச ஒரு தெர்மாமீட்டரு இருந்துச்சு, கறியில குத்தினா முள்ளு மெதுவா ஏறும். அதப் பாக்கறதுக்கு முன்னாடியே நான் ரெண்டு விரலால கறிய அழுத்திப் பாத்துட்டு "ரெடி மேடம்"னுவேன். அந்தம்மா குத்திப் பாப்பாங்க, சரியா இருக்கும். உடனே வந்திருக்கற விருந்தாளிங்களக் கூப்ட்டு என் விரலக் காட்டுவாங்க, அதுங்க கைதட்டும். இந்தக் கதைய நீ சோறு தின்ன அடம் புடிச்சப்பல்லாம் உனக்கு சொல்லியிருக்கேன். சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. அந்தம்மா உள்ள போன நேரம் பாத்து நானே அந்த ஊசியக் குத்திப் பாத்துட்டு, ஓட்ட தெரியாம மேல மசாலாவப் பூசிடுவேன். விரலுக்குத் தெரியாதுன்னு சொல்லல. பத்துக்கு ஏழு தடவ விரலே சரியாச் சொல்லிடும். மிச்சம் மூணுக்குத்தான் ஊசி. ஆனா கைதட்டு பத்துக்கும் வாங்கிக்கினேன். இருபது வருஷம் நான் வாங்கின பேருல ஒரு பங்கு அந்த முள்ளுக்குப் போவ வேண்டியது.

அந்தப் பேர நம்பித்தான் நீ விழுப்புரத்துல கேட்டரிங் படிச்சு முடிச்ச கையோட விக்கிரவாண்டி ரோட்டுல கடை போடலாம்னு நின்ன. ரெண்டு பேரும் பழைய இரும்புக் கடையில டிரம்மு வாங்கி, நெடுக்குல ரெண்டாப் பொளந்து, கீலு வச்சு மூடியாக்கினோம். உனக்கு வெல்டிங் பொறி கண்ணுல பட்டு ரெண்டு நாளு கண்ணத் தொறக்க முடியாம கெடந்த, அப்பகூட படுத்துக்கினே போர்டுல இன்னா எழுதலாம்னு பேசிக்கினு இருந்த. "அப்பா கை பார்பிக்யூ"ன்னு நீதான் பேரு வச்ச. என் கைய ஒரு பேப்பர்ல வச்சு பென்சில்ல கோடு இழுத்து, அதையே போர்டுல வரைய வச்ச. லாரிக்காரங்க நிறுத்தி எறங்கும்போதே "எங்க, அந்தக் கையக் காட்டு மாஸ்டரு"ன்னு கேப்பாங்க. நான் பெரிய இவனாட்டம் கைய நீட்டுவேன். எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சு தம்பி, அத மறைக்க மாட்டேன்.

கடை போட்ட ரெண்டாவது வருஷமே அந்தக் கை போயிடுச்சு. போயிடுச்சுன்னா கை இருந்துச்சு, உள்ள உணர்ச்சி இல்ல. சக்கர நோயி காலத்தான் திங்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன், என் விரலத் தின்னுட்டுது. ஒரு நாளு டிரம்மு மூடி மேல கைய ஊணிக்கினு ஒரு லாரிக்காரர்கிட்ட பேசிக்கினு இருந்தேன். உங்கம்மா வெங்காயம் உரிச்சிக்கினு இருந்தவ எழுந்து ஓடி வந்து என் கையப் புடிச்சு இழுத்தா. "இன்னாங்க, தோலு பொசுங்குற வாடை வருது, உங்களுக்குத் தெரியலயா"ன்னா. தெரியல. உங்கிட்ட எண்ண கொட்டிடுச்சுன்னு சொன்னோம். உங்கம்மா சொல்லிடலாம்னுதான் சொன்னா. நான்தான், "சொன்னா போர்டக் கழட்டிடுவான், வாய மூடிக்கினு இரு"ன்னு அவளையும் பொய்யில சேத்துக்கினேன். அதுக்கப்புறம் கோழிய அழுத்தறப்ப சும்மா அழுத்துவேன், ஒண்ணும் தெரியாது. கண்ணு எடுத்துக் குடுக்கும், நேரம் எடுத்துக் குடுக்கும், கடைசியா தொடையும் எலும்பும் சேர்ற எடத்துல நகத்தால கிள்ளி வாயில போட்டுப் பாப்பேன். பச்ச வாடை அடிச்சா மூடிய மூடிடுவேன். அந்த ஒரு துண்டுதான் என்னக் காப்பாத்திக்கினு இருந்துச்சு.

அப்பத்தான் அந்த பார்சல் வந்துச்சு. நாலு ஊசி, நாலு வயரு, வயரு போய்ச் சேர்ற ஒரு பெட்டி, இடுப்புல மாட்டிக்கற ஒரு டப்பா. பெட்டிய அடுப்பாண்ட வச்சிட்டு டப்பாவோட நீ ரோட்டு வரைக்கும் போனாலும் கோழிக்குள்ள எவ்ளோ சூடுன்னு காட்டும், எழுபத்தஞ்சு டிகிரி தாண்டினா கத்தும்னு சொன்ன. நான் "இன்னாடா, கோழிக்கு ஜொரமா"ன்னேன். நீ சிரிச்சிட்டு "ஆமாம்ப்பா, எழுபத்தஞ்சு தாண்டினாத்தான் இதுக்கு ஜொரம் விடும்"ன்னு சொன்ன. வந்தவங்க எல்லாம் அன்னிலேருந்து டப்பாவத்தான் எட்டிப் பாத்தாங்க, என் கைய எவனும் கேக்கல. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. ஒரு கை செத்தவன் அத விட நல்ல சேதி கெடைக்குமான்னு சந்தோஷப்பட்டிருக்கணும். நான் இன்னாடான்னா பெத்த புள்ள வாங்கின தகர டப்பா மேல பொறாமப்பட்டேன்.

இப்ப தவக்காலத்தப் பத்தி சொல்லணும். விபூதிப் புதன்லேருந்து ஈஸ்டர் வரைக்கும் நாப்பது நாளு நான் கறி வாயில வைக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும். கெஸ்ட் ஹவுஸ் வேலையில சேர்ந்தப்ப எங்கம்மா, "கறி சமைக்கற வேலைக்குப் போற, ஒருசந்தி விரதத்த மட்டும் விட்டுடாத"ன்னாங்க. நானும் விடல. நாப்பது நாளும் அடுத்தவங்களுக்குக் கறி வேக வச்சேன், உப்பு பாக்கக்கூட நாக்குல வச்சதில்ல. அந்த நாப்பது நாளும் விரலுதான் எல்லாம். அப்ப விரலு இருந்துச்சு, தப்பு வரல. விரலு போன பெறவும் இந்த வழக்கம் மட்டும் அப்படியே நின்னுடுச்சு. மொத தவக்காலத்த உன் மிஷின வச்சு ஓட்டிட்டேன். உனக்குத் தெரியாம டப்பாவ எட்டிப் பாத்துட்டு, அப்புறம் விரல வச்சு அழுத்தி "ஆச்சு"ன்னுவேன். கெஸ்ட் ஹவுஸ்ல பண்ண அதே வேலதான். ரெண்டாவது தவக்காலத்துலதான் கண்டமங்கலம்.

அன்னிக்கு ஞாயித்துக்கெழம. காலங்காத்தால பூசைக்குப் போயிட்டு ரெண்டு டிரம்மையும் வண்டியில ஏத்திக்கினு போனோம். இருபத்துநாலு முழுக்கோழி, டிரம்முக்குப் பன்னெண்டு. நீ டிரம்முக்கு ரெண்டு ஊசியாக் குத்தின. ரெண்டாவது டிரம்முக்குப் போட்ட கரி மூட்ட அடியில ஈரம், தணல் புடிக்கவே முக்கா மணி நேரம் ஆயிடுச்சு. மொத டிரம்மு எழுபத்தாறு எழுபத்தேழு காட்டினதும் நீ அதுல இருந்தத எல்லாம் எடுத்துக்கினு பந்தலுக்கு அந்தப் பக்கம் வெட்ட ஒக்காந்துட்ட. டப்பா உன் இடுப்புல. அங்கிருந்தே எனக்குக் கொரல் குடுத்த, "ரெண்டாவது இன்னும் அறுபத்தொண்ணுலதாம்ப்பா நிக்குது, தொடாத"ன்னு. அப்ப பாப்பாவோட மாமன் ஒருத்தரு வந்து நின்னாரு. "பந்தி ஒக்காந்துடுச்சு, எலையில சோறு ஆறுது, ஜல்தியாவட்டும் மாஸ்டர்"ன்னாரு. இன்னும் கொஞ்ச நேரம்னேன். அவரு சிரிச்சாரு. "கைய வச்சே சொல்லிடுவாருன்னு சொன்னாங்க. இப்ப இன்னாடான்னா புள்ள உத்தரவு குடுத்தாத்தான் மூடியவே தொறப்பாரு போல"ன்னாரு. பக்கத்துல நாலு பேரு இருந்தாங்க, அவங்களும் சிரிச்சாங்க.

நான் மூடியத் தொறந்தேன். ரெண்டு விரலால ஒரு கோழிய அழுத்தினேன். ஒண்ணும் தெரியல. மேலத் தோலு நல்லா செவந்து மொறுமொறுன்னு இருந்துச்சு. தொட எலும்பாண்ட கிள்ளி வாயில போட்டிருந்தா அஞ்சு செகண்டுல தெரிஞ்சிருக்கும். கிள்ளக்கூட கிள்ளினேன் தம்பி. கிள்ளி, வாயாண்ட கொண்டு போயி, தவக்காலம்னு ஞாபகம் வந்து தணல்ல போட்டுட்டேன். கடவுளுக்கு பயந்து என் வாயில ஒரு துண்டு போடல, பச்சப் புள்ள வாயில போட்டேன். நானா எடுக்கறேன்னு சொன்னா நீ விட மாட்டன்னு தெரியும். அதனால ரெண்டு ஊசியையும் கோழியிலேருந்து உருவி, தணலுக்கு மேல தொங்க விட்டு மூடிய சாத்தினேன். பாதி நிமிஷம்கூட ஆவல, உன் இடுப்புல டப்பா கத்திச்சு. சட்டுனு மூடியத் தொறந்து ஊசிய பழையபடி சொருவிட்டேன். நீ டப்பாவப் பாத்துக்கினே ஓடியாந்த. "எழுபத்தெட்டு, எண்பத்தொண்ணு. இன்னாப்பா, அதுக்குள்ள ஏறிடுச்சு"ன்ன. "காத்து வாங்கிச்சு, தணல் புடிச்சிக்கினுச்சு"ன்னேன். நீ சத்தம் தாங்காம டப்பாவ அணைச்சிட்டு, "சரி, எடுப்பா"ன்ன. அந்த வார்த்தைய உன் வாயாலயே சொல்ல வச்சேன். வெட்டும்போது பாத்தேன், மசாலாவோட செவப்புல உள்ள இருந்த செவப்பு யாருக்கும் தெரியல.

மறுநாளு சேதி வந்ததும் நீ அந்த மிஷினப் பிரிச்சிப் போட்டுக்கினு ஒக்காந்த. நான் தொங்க விட்டப்ப வயரு தணல்ல பட்டு ரெண்டும் கருகிப் போயிருந்துச்சு. நீ அதப் பாத்துட்டு, "வயரு எரிஞ்சிருக்குப்பா. அதான் உள்ள கோளாறாயி தப்பா காட்டியிருக்கு. இரும்பு வலை போட்ட வயரு வச்சது ஒண்ணு இருந்துச்சு, நான்தான் வெலையப் பாத்துட்டு சாதாவ வாங்கிட்டேன்"ன்ன. என் மூஞ்சியப் பாத்த. நான் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் "இருக்கும்"னு சொன்னேன். ஒரே வார்த்த. நீ அன்னிக்கு சாயங்காலமே போர்டக் கழட்டின, ரெண்டு மாசத்துல மஸ்கட்டுக்குக் காய் வெட்டற வேலைக்கு சீட்டு வாங்கின. "கேட்டரிங் படிச்சிட்டு ஏண்டா காய் வெட்டப் போற"ன்னு உங்கம்மா கேட்டப்ப, "காய் யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதும்மா"ன்னு சொன்ன. நான் பக்கத்துலதான் பேப்பர் படிக்கறாப்பல ஒக்காந்திருந்தேன். இந்த மூணு வருஷத்துல ஒவ்வொரு ஈஸ்டருக்கு முன்னாடியும் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி மூணு தரம் மன்னிப்பு வாங்கிட்டேன். உங்கிட்ட ஒரு தரம்கூட கேக்கல. நீ ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போன் பண்ற, நான் ஒவ்வொரு தடவையும் அங்க வெயிலு எப்படின்னு கேக்கறேன்.

சரி, மிஷினு விஷயத்துக்கு வர்றேன். உன் போன் வந்த மறுநாளே விழுப்புரம் போனேன். பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு செல்போன் கடையில இருக்கற பொண்ணுகிட்ட, "கறிக்குள்ள குத்தற வயர்லெஸ் தெர்மாமீட்டரு எத்தன இருக்கோ அத்தனையும் காட்டும்மா"ன்னேன். அது என்ன ஒரு மாதிரிப் பாத்துச்சு. அப்புறம் நல்ல பொண்ணு, ஸ்டூலு போட்டு ஒக்கார வச்சு ஒண்ணொண்ணா தமிழ்ல சொல்லிச்சு, நான் நோட்டுல எழுதிக்கினேன். ரெண்டு ஊசி, நாலு, ஆறு, எட்டு வரைக்கும் இருக்குது. எட்டப் பாத்து மயங்காத, அடுப்புல எட்டு வயரு ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். நாலு போதும், அதுல ஒண்ண கறியில குத்தாம அடுப்போட சூட்டுக்குன்னு கறி பக்கத்துலயே மாட்டி வை. அடுப்பு ஏறலயா, கறி ஏறலயான்னு அப்பத்தான் தெரியும். அன்னிக்கு அது இருந்திருந்தா ஈரக் கரின்னு அர மணி நேரம் முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிருக்கும். வயரு இரும்பு வலை சுத்தினதாவே பாரு, வயரும் ஊசியும் சேர்ற கழுத்துதான் மொதல்ல போவுமாம், அது எவ்ளோ சூடு தாங்கும்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்கு. இப்ப வயரே இல்லாத ஊசியும் வந்திருக்காம். பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இரும்பு மூடிக்குள்ள போட்டு மூடினா சேதி வெளிய வர்றது கொறையுமாம், சாமான் கழுவற தண்ணியில தவறிப் போட்டாலும் தொலைஞ்சுது. ஓட்டல்ல அத்தன கை படற எடத்துல அது வேணாம்னு எனக்குப் படுது.

டப்பாவுல எழுத்து பெருசா இருக்கணும், சத்தம் கிச்சன் எரைச்சல்ல கேக்கணும். அம்பது மீட்டர் எட்டும், நூறு மீட்டர் எட்டும்னு போட்டிருப்பான், அதெல்லாம் வெட்டவெளிக் கணக்கு, நடுவுல ரெண்டு சுவரு வந்தா பாதிகூட நிக்காது. வாங்கறதுக்கு முன்னாடி உங்க மாடியிலேயே நடந்து பாத்துடு. தெனம் காலையில நாலு ஊசியையும் ஐஸ் போட்ட தண்ணியில வச்சா சைபருகிட்ட காட்டணும், கொதிக்கற தண்ணியில நூறுகிட்ட காட்டணும், காட்டாதத அன்னிக்கே தூக்கிப் போடு. இதெல்லாம் உனக்கே தெரியும், படிச்சவன். கடைசியா அந்தப் பொண்ணு ஒண்ணு காட்டிச்சு, அது மட்டும் நீ கட்டாயம் பாத்து வாங்கு. சூடு நிமிஷத்துக்கு நிமிஷம் எப்படி ஏறிச்சுன்னு போன்ல கோடு போட்டு வச்சிக்குதாம், மறுநாளு எடுத்துப் பாத்தாலும் இருக்குமாம். கறிக்குள்ள சூடு மெதுவாத்தான் ஏறும், கோடும் சாஞ்சாப்பல ஏறும். அறுபத்தொண்ணுலேருந்து அர நிமிஷத்துல எண்பதுக்கு நட்டுக்கினு ஏறுச்சுன்னா எவனோ ஊசிய உருவிட்டான்னு அர்த்தம். அது அன்னிக்கு உங்கிட்ட இருந்திருந்தா என்ன நீ அங்கியே புடிச்சிருப்ப. ஊசிய உருவறவன் எந்த கிச்சன்லயும் இருப்பான், வயசானவனாவும் இருப்பான், உனக்கு வேண்டப்பட்டவனாவும் இருப்பான். அந்தப் பொண்ணுக்கு முன்னாடி ஸ்டூல்ல ஒக்காந்துக்கினு இதக் கேட்டப்ப நோட்ட மூடி வச்சிட்டேன், தண்ணி வேணுமா அங்கிள்னு கேட்டுச்சு.

செவ்வாக்கெழம உங்கம்மாகிட்ட சொன்னேன். ஊசிய உருவினது அவளுக்கும் தெரியாது. ரெண்டு நாளு சோறு போட்டா, மாத்திர எடுத்துக் குடுத்தா, பேசல. மூணாவது நாளு, "மொதல்ல அந்தக் கொழந்த வீட்டுக்குப் போயி சொல்லிட்டு வாங்க. அப்புறம் நம்ம புள்ளைக்கு எழுதுங்க"ன்னா. போனேன். விழுப்புரத்துலேருந்து பாண்டி பஸ்ஸுல ஒக்காந்துக்கினு எறங்காம அப்படியே பாண்டிக்குப் போயிடலாமான்னுகூட நெனச்சேன். பாப்பாவோட அப்பா வாசல்ல மல்லாட்டக் கடலையப் பரப்பிக் காய வச்சிக்கினு இருந்தாரு. நின்னுக்கினே எல்லாத்தையும் சொன்னேன். அடிப்பாருன்னு நெனச்சேன், அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவரு காயத் தள்ளி விட்டுக்கினே கேட்டாரு, "உங்க பையனுக்கு இது தெரியாதா?" தெரியாதுன்னேன். "அவன் வெளிநாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வந்தான். 'தப்பு முழுக்க என்னுது, மிஷின நான்தான் வாங்கினேன், எடுக்கச் சொன்னதும் நான்தான். கேஸு குடுக்கறதுன்னா என் மேல குடுங்க, எங்கப்பா சக்கரக்காரரு, கை வேற மரத்துப் போச்சு, ஸ்டேஷனுக்கெல்லாம் அலைய முடியாது'ன்னு கேட்டுக்கினான். அவன் மூஞ்சியப் பாத்துத்தான் நான் குடுக்காம விட்டேன்"ன்னாரு.

கை மரத்தது உனக்குத் தெரிஞ்சிருக்குது. எப்பலேருந்து தெரியும், அதுக்காகத்தான் அந்த மிஷினையே வாங்கினியா, எனக்குக் கேக்க வாயில்ல. பாப்பா ஸ்கூல் யூனிபார்ம்ல வாசல்ல வந்து எட்டிப் பாத்துச்சு. ஒல்லியா இருக்குது. எப்பவுமே ஒல்லியா, இல்ல அதுக்கப்புறம்தான் ஒல்லியான்னு எனக்குத் தெரியாது, அதையும் கேக்கல. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரு, "என்ன எதுக்குக் கும்பிடறீங்க, வெயிலு ஏறுது, போங்க"ன்னாரு. மன்னிச்சேன்னும் சொல்லல, மன்னிக்க மாட்டேன்னும் சொல்லல. ரோட்டுக்கு வந்து ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு மூணாவதுலதான் ஏறினேன்.

இதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல தம்பி. போன மூணு வருஷத்த எடுத்து உங்கிட்டத் திருப்பிக் குடுக்க எனக்கு வழி இல்ல. நீ காய் வெட்டின ஒவ்வொரு நாளும் நான் இங்க மூணு வேளையும் சாப்ட்டேன், தூங்கினேன், கல்யாணம் காரியம்னு போய் வந்தேன். ஒரு போன் போட்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும், அதுக்கும் எனக்கு தெகிரியம் இல்ல. இப்ப சொல்றதுகூட நீ அந்த வேலைய விட்டுடப் போறேன்னு சொன்னதாலதான். நீ அப்படி சொல்லாம இருந்திருந்தா செத்துப் போற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நெனக்கிறேன், அதையும் தெரிஞ்சிக்கோ. இந்த ஞாயித்துக்கெழம நீ போன் பண்ணா உங்கம்மா எடுப்பா. எங்கிட்டக் குடுக்கச் சொன்னாத்தான் குடுப்பா, அப்படித்தான் பேசி வச்சிருக்கோம்.

நீ குத்தின எடம் சரி, நீ வச்ச சூடு சரி, தொடாதன்னு நீ சொன்னதும் சரி. மாசக் கடைசிக்கு இன்னும் ஒம்பது நாளு இருக்குது. மொதல்ல அவங்களுக்கு சரின்னு சொல்லிடு. எனக்கு இன்னா சொல்றதுன்னு அப்புறம் மெதுவா யோசிச்சிக்கோ. ஒண்ணும் சொல்லாமலே விட்டாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்.

அப்பா
திண்டிவனம்